சிவப்புக் கல்லூரியைப் போடச் சொன்னவர்

எங்கள் அத்தானைப் போலப் பொய் சொல்லத் தெரியாத மனுஷனை நான் பார்த்ததில்லை. ஆயுசுக்கும் அவர் சொன்னது ஒரே ஒரு பொய். அதைக்கூட அவராகச் சொல்லவில்லை. அக்காவின் கல்யாணப் பேச்சின்போது அவருடைய பெரியப்பா எங்கள் வீட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "பையன் யுனிவர்சிட்டில சூப்பர்வைசர்" என்று அடித்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தான் வாயைத் திறக்கவில்லை. அவர் செய்ததெல்லாம் அவ்வளவுதான். ஆனால் அந்தப் பொய்யை அதற்கப்புறம் சோறு போட்டு வளர்த்தது அவர்தான்.

உண்மையில் அவர், ஊரில் எல்லாரும் பெரிய கல்லூரி என்று சொல்கிற கல்லூரியின் சாப்பாட்டுக் கூடத்தில் சர்வர். காலையில் கோட்டும் டையுமாக வீட்டை விட்டுக் கிளம்புவார். கல்லூரியின் பின்வாசலில் நுழைந்ததும் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொள்வார். நீள நீளமான மேஜைகள், இரண்டு பக்கமும் பெஞ்சுகள், மேடை மேல் ஆசிரியர்களுக்கு ஒரு தனி மேஜை. சூப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அந்தப் பெஞ்சுகளுக்குப் பின்னால் சத்தமே இல்லாமல் நடக்க வேண்டும். அத்தான் நடந்தால் அவருடைய நிழலுக்கே தெரியாது. அதனால் அங்கே அவருக்குப் 'பூனை' என்று பெயர். மாணவர்கள் விரலைச் சொடுக்கி, "பூனை, இங்கே ரொட்டி" என்பார்கள். அவரும் கொண்டுபோய் வைப்பார்.

அக்காவுக்குக் கல்யாணமான புதிதிலேயே தெரிந்துபோயிற்று. அவர் மறந்துவிட்டுப் போன வீட்டுச் சாவியைக் கொடுக்கப் போனவள், பின்வாசலில் வெள்ளைச் சட்டையோடு குப்பைத் தொட்டியைத் தள்ளிக்கொண்டு வந்த புருஷனைப் பார்த்திருக்கிறாள். ஒரு நாள் முழுக்க அழுதாள். மறுநாளிலிருந்து அந்தப் பொய்க்கு அவரைவிட அவள்தான் பெரிய காவல்காரி. "எங்க வீட்டுக்காரருக்குக் கீழே எத்தனை பேர் தெரியுமா?" என்று மாடிப்படியில் நின்று அவள் அளக்கிற அளப்பைக் கேட்டால் எனக்கே சந்தேகம் வந்துவிடும், நாம்தான் ஏதோ தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறோமோ என்று. அவள் என்னிடம் உண்மையைச் சொன்னதே ஒரு சண்டையில், கோபத்தில் வாய் தவறித்தான்.

நான் பஸ் ஓட்டுகிறவள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று டிப்போவில் எல்லாரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அக்கா வீட்டுக்கு மேல்மாடியில்தான் என் ஒற்றை அறை. சாப்பாடு, பேச்சு, சண்டை எல்லாம் கீழே அவர்களோடுதான்.

அக்காவுக்கு ஒரே மகள். சின்ன வயதிலேயே தடிக் கண்ணாடி போட்டுவிட்டதால் பள்ளிக்கூடத்தில் 'சோடாப்புட்டி' என்று கேலி செய்தார்கள். அழுதுகொண்டு வந்தாள். அத்தான், "அட, நல்ல பேரா இருக்கே! நாமளும் கூப்பிடுவோம்" என்று 'சோடா' என்று கூப்பிட ஆரம்பித்தார். வீட்டில் எல்லாரும் கூப்பிட்டதும் கேலி செய்த பிள்ளைகளுக்குச் சுவாரஸ்யம் போய்விட்டது. அத்தானின் சாமர்த்தியம் அப்படிப்பட்டது. அந்தப் பெண்ணுக்கு அப்பா என்றால் உலகம். சாயங்காலம் அவர் வந்ததும், "இன்னைக்கு யாரைத் திட்டினீங்கப்பா?" என்று கேட்பாள். "யாரையும் திட்டலை கண்ணு. நல்ல சூப்பர்வைசர் திட்ட மாட்டான்" என்பார். எனக்குச் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும்.

சோடாவுக்கு வேதியியல் பைத்தியம். சமையலறையில் ஒரு பொருள் அவள் கையில் சிக்கினால் தப்பாது. அக்காவின் வினிகர், என்னுடைய சலவைத் தூள், அத்தானின் பல்பொடி எல்லாம் அவளுக்குச் சோதனைச் சரக்கு. பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்ததும் பல்கலைக்கழகத்தில் வேதியியல்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். மதிப்பெண்ணும் அதற்கு ஏற்றபடி இருந்தது. யாருக்கும் ஆட்சேபணை இல்லை. தலைவலி எங்கே வந்தது என்றால், எந்தக் கல்லூரி என்பதில் வந்தது.

எங்கள் பல்கலைக்கழகம் கொஞ்சம் விசித்திரமானது. பாடம் எல்லாருக்கும் ஒன்று, பரிசோதனைக் கூடம் ஒன்று, கடைசியில் கொடுக்கிற பட்டமும் ஒன்று. ஆனால் அதற்குள்ளே ஏகப்பட்ட கல்லூரிகள். மாணவர்கள் தங்குவதும் சாப்பிடுவதும் அவரவர் கல்லூரியில். வாரத்துக்கு ஒரு முறை இரண்டு மூன்று பேரை மட்டும் எதிரே உட்காரவைத்து டியூட்டர் துருவித் துருவிக் கேட்பதும் அங்கேதான். விண்ணப்பத்தில் ஒரே ஒரு கல்லூரியின் பெயரைத்தான் போட முடியும். அந்தக் கல்லூரி கூப்பிட்டு, பேசிப் பார்த்து, எடுத்துக்கொண்டால் உண்டு. இல்லாவிட்டால் அந்த வருஷம் போயிற்று. பெரிய கல்லூரியில் வேதியியலுக்கு ஒரு பட்டாளத்தையே எடுப்பார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற செங்கல் கட்டடத்தை நாங்கள் சிவப்புக் கல்லூரி என்போம். அது சரித்திரம், சட்டம் படிக்கிறவர்களுக்குப் பேர் போனது. வேதியியலுக்கு அங்கே இரண்டே இடம்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? அத்தான் சொல்லித்தான். எங்கள் தெருவில் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப நினைக்கிற எல்லாரும் அவரிடம்தான் வருவார்கள். ஆசிரியர்கள் மேடை மேஜையில் சாப்பிட்டுக்கொண்டே பேசுவதையெல்லாம் கேட்டுக் கேட்டு, எந்த டியூட்டர் பொறுமைசாலி, எந்த டியூட்டர் எரிந்து விழுவார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. வந்தவர்களை உட்காரவைத்து, கால் மேல் கால் போட்டுக்கொண்டு, நிதானமாக யோசனை சொல்வார். அந்த ஒரு மணி நேரம் அவர் நிஜமாகவே சூப்பர்வைசர்தான்.

கீழ்வீட்டுத் தையல்காரரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பெண்ணும் சோடாவின் வகுப்பு, அவளுக்கும் வேதியியல்தான்.

"சார், எனக்கு ஊசியும் நூலும்தான் தெரியும். நீங்கதான் ஒரு வழி சொல்லணும்" என்றார் தையல்காரர்.

"இதுல யோசிக்கவே வேணாம். கண்ணை மூடிக்கிட்டு எங்க காலேஜைப் போடச் சொல்லுங்க" என்றார் அத்தான். "கெமிஸ்ட்ரிக்கு அதுதான். அந்த டியூட்டர் அம்மா இருக்காங்களே, தங்கம். தெரியலைன்னு சொன்னாக்கூட கோவிச்சுக்க மாட்டாங்க. லேபும் எதிர்த்தாப்புலயே."

அவர்கள் போனதும் நான் கேட்டேன். "ஏன் அத்தான், அந்தப் பொண்ணு அங்க வந்து உங்களைப் பார்த்துட்டா?"

"அதுக்கு எங்க கிடைக்கப் போவுது?" என்றார். ஏளனமாகச் சொல்லவில்லை. அந்தப் பெண் சுமாராகப் படிப்பவள்தான். கேட்டவருக்கு நல்ல யோசனை சொல்லிவிட்டோம், நமக்கும் ஆபத்தில்லை என்ற நிம்மதியில் சொன்னார்.

பிறகு கல்லூரிகளைச் சுற்றிப் பார்க்கும் ஓப்பன் டே வந்தது. எங்கோ கொள்முதல் கூட்டம் இருப்பதாக வீட்டில் சொல்லிவிட்டு, அத்தான் அன்றைக்குப் பின்பக்கச் சாமான் அறையில் வேலை கேட்டு வாங்கிக்கொண்டார். சோடாவும் தையல்காரர் மகளும் என் பஸ்ஸில்தான் போனார்கள். எனக்குப் பின்னாலேயே நின்றுகொண்டு ஓயாத பேச்சு. "பஸ்ஸை ஓட்ட விடுங்கடி, இல்லேன்னா நேரா ஆத்துலதான் இறக்குவேன்" என்று அதட்டினேன்.

அன்று சாயங்காலம் சோடா என் அறைக்கு வந்தாள். அந்த டியூட்டர் அம்மாவைப் பார்த்திருக்கிறாள். அவர் மேஜை மேல் ஒரு தட்டில் மயில்துத்தம், அதுதான் அந்த நீல உப்பு, வைத்திருந்தாராம். "இதைச் சூடு பண்ணினா நீலம் போயி வெள்ளையாயிடும். அந்த நீலம் எங்க போச்சு?" என்று கேட்டாராம். மற்ற பிள்ளைகள் பேசாமல் நிற்க, இவள் முதலில் தப்பாக ஏதோ சொல்லி, சொல்லும்போதே தப்பு என்று உணர்ந்து, சத்தமாக யோசித்து யோசித்துக் கடைசியில், அதற்குள் கட்டுண்டு கிடந்த தண்ணீர்தான் காரணம் என்று வந்து சேர்ந்திருக்கிறாள். அவ்வளவு நேரமும் அந்த அம்மா ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லையாம்.

"சித்தி, நான் முடிச்சதும் அவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? 'நீ தப்பு பண்றதை ஒளிக்க மாட்டேங்கறே, அது எனக்குப் பிடிச்சிருக்கு. என்கிட்ட வா'ன்னாங்க!" என்றாள். கண்ணாடிக்குள் கண்கள் இரண்டும் பெரிதாகி மின்னின. "எனக்கு அந்தக் காலேஜ்தான் வேணும் சித்தி. வேற எதுவும் வேண்டாம்."

சொல்லி முடித்ததும் சட்டென்று அமைதியாகிவிட்டாள். நாள் முழுக்க நடந்த களைப்பு என்று நான் நினைத்துக்கொண்டேன்.

நான் கீழே இறங்கிப்போய் அத்தானைச் சமையலறையில் மடக்கினேன். அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தான், உங்க பொண்ணு பெரிய காலேஜ்தான் வேணும்னு இருக்கா. இப்பவாவது அவகிட்ட உண்மையைச் சொல்லிடுங்க."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "அங்க வேணாம்" என்றார்.

"ஏன் வேணாம்? தையல்காரர் பொண்ணை மட்டும் அங்கதானே போகச் சொன்னீங்க?"

"நீ அந்தக் கூடத்தைப் பார்த்ததில்லை. விரலைச் சொடுக்குவானுங்க. அவ பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவன் சொடுக்குவான். நான் போய் நிக்கணும். அவ என் மூஞ்சியைப் பார்க்கணும்." கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டார். "வெளியில எல்லாருக்கும் நான் பூனைதான். இந்த வீட்டுல மட்டும்தான் நான் ஒரு ஆளு. அதையும் பிடுங்கப் பார்க்கிறியா?"

"அவ ஆசையைப் பிடுங்கறீங்களே, அது பரவாயில்லையா? பெத்த பொண்ணு வாழ்க்கை அத்தான்!"

"பட்டம் ஒண்ணுதானே? பாடம் ஒண்ணுதானே? எந்தக் காலேஜா இருந்தா என்ன?" என்றார்.

அக்கா ஈரக் கையோடு திரும்பினாள். "நீ உன் பஸ்ஸைப் பாரு. எங்க வீட்டு விஷயத்தை நாங்க பார்த்துக்கறோம்."

அதற்கு மேல் நான் என்ன செய்ய? பற்றிக்கொண்டு வந்தது. டமாலென்று கதவைச் சாத்திவிட்டு மேலே போனேன்.

விண்ணப்பம் அனுப்ப வேண்டிய நாள் நெருங்கியது. கணினியின் முன்னால் சோடா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அத்தான். கட்டில் ஓரத்தில் நானும் அக்காவும். மற்ற விவரமெல்லாம் நிரப்பியாகிவிட்டது. கல்லூரியின் பெயர் மட்டும் பாக்கி.

அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். பெரிய கல்லூரியில் மாணவர் அறையெல்லாம் ஒரே ஈரமாம், சுவரில் பூஞ்சை பிடித்திருக்கிறதாம். பிள்ளைகள் பணக்காரத் திமிர் பிடித்தவர்களாம். அந்த டியூட்டர் அம்மா சீக்கிரமே வேலையை விட்டுப் போகப்போவதாகப் பேச்சாம். சிவப்புக் கல்லூரி என்றால் அமைதி, மரியாதை, நல்ல காற்று. அந்தக் கட்டடத்துக்குள் அவர் ஒரு நாள்கூடக் காலை வைத்ததில்லை என்பது எனக்குத் தெரியும்.

"சிவப்புக் காலேஜ்ல கெமிஸ்ட்ரிக்கு ரெண்டு சீட்டுதானேப்பா?" என்று கேட்டாள் சோடா.

"உன் மார்க்குக்கு ரெண்டு போதாதா?"

"அங்கதான் போடணுமா?"

"நான் உள்ளேயே இருக்கிறவன் சொல்றேன் கண்ணு. கேட்டுக்கோ."

சோடா திரும்பி அவரையே பார்த்தாள். "நிஜமாவே அதுதான் எனக்கு நல்லதாப்பா?"

"அப்பா உனக்குக் கெடுதல் சொல்வேனா?"

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு நாக்கு துறுதுறுவென்று வந்தது. அக்கா என் கையைப் பிடித்து அமுக்கினாள். "வேற எதாவது சொல்லணுமாப்பா?" என்று சோடா கடைசியாகக் கேட்டாள். அத்தான் இல்லை என்று தலையை ஆட்டினார். அவள் திரும்பி, சிவப்புக் கல்லூரியின் பெயரைத் தட்டி, அனுப்பிவிட்டாள். அத்தான் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். போய்விட்டு வந்தவளிடம், எப்படி என்று கேட்டேன். "நல்லாத்தான் கேட்டாங்க சித்தி" என்றாள். "ஆனா யோசிக்க விடலை. ஒண்ணைத் தப்பா ஆரம்பிச்சேன். உடனே அடுத்த கேள்விக்குப் போயிட்டாங்க."

முடிவு வந்த அன்று நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கீழே அக்கா அழுகிற சத்தம் கேட்டது. இறங்கிப் போனால், சோடா அழாமல் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். இடம் இல்லை, வருந்துகிறோம் என்று இரண்டே வரி. அத்தான் கோட்டைப் போட்டபடி, டையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு அறையின் நடுவில் நின்றார். "எப்படி இல்லைங்கறான்? எப்படி?" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் தையல்காரர் படியேறி ஓடிவந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்குகிறது, முகமெல்லாம் பல். "சார்! நீங்க தெய்வம் சார்! பாப்பாவுக்குப் பெரிய காலேஜ்ல கிடைச்சிடுச்சு! நீங்க மட்டும் சொல்லலைன்னா..." என்று அத்தானின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பாவம், அவருக்கு எங்கள் வீட்டுச் சமாசாரம் தெரியாது. பின்னாலேயே வந்த அவர் மகள் எங்கள் முகங்களைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். சோடா எழுந்துபோய் அவளைக் கட்டிக்கொண்டாள். "சூப்பர்டி" என்றாள். அத்தான் அந்த டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அவர்மேல் எனக்கு அன்றைக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அதே சமயம், அந்த டையை வாங்கி வைத்துவிட்டு அவரை உட்காரவைக்க வேண்டும் போலவும் இருந்தது.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் சோடா பெயின்ட் ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே சரக்கைச் சோதித்துப் பார்க்கிற அறையில் குடுவை கழுவுகிற வேலை. விரலெல்லாம் கரைப்பான் பட்டு வெடித்துப்போயிற்று. "கெமிஸ்ட்ரி பக்கத்துலயேதான் இருக்கேன் சித்தி" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சகிக்காது. வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது. சாயங்காலம் அப்பா வந்தால் "வந்துட்டீங்களா" என்பாள். அன்றைக்கு யாரைத் திட்டினார் என்றெல்லாம் கேட்பதில்லை. வளர்ந்துவிட்டாள், அதனால்தான் என்றாள் அக்கா.

கல்லூரி திறந்தது. தையல்காரர் மகள் பெட்டி படுக்கையோடு பெரிய கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தாள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு சாயங்காலம், கல்லூரி நிறுத்தத்தில் அத்தான் என் பஸ்ஸில் ஏறினார். வழக்கமாக ஏறியதும் பின்னால் போய் உட்கார்ந்துவிடுவார். அன்றைக்கு எனக்குப் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கள் தெரு நிறுத்தம் வந்தது. இறங்கவில்லை. கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கியதும், விளக்கை அணைக்கப் போன என்னிடம், "இரு" என்றார்.

"அந்தப் பொண்ணு வந்த முதல் நாளே என்னைப் பார்த்துட்டா" என்றார். "சூப்பை எடுத்துக்கிட்டு அவ பெஞ்சுக்குப் போறேன். திரும்பிப் பார்த்துட்டு, 'மாமா, நீங்களா!'ன்னு எழுந்து நின்னுட்டா. பெஞ்சே திரும்பிப் பார்க்குது. 'உட்காரும்மா'ன்னு சொல்லி ஊத்திட்டு வந்துட்டேன்."

"யார்கிட்டயாவது சொல்லிட்டாளா?"

"சொல்லியிருந்தாக்கூடப் பரவாயில்லையே. ஒருத்தர்கிட்டயும் சொல்லலை. அதுக்கப்புறம் அவ சாப்பிடவே வர்றதில்லை. என்னன்னு விசாரிச்சா, ரூம்லயே ரொட்டியும் டீயும் சாப்பிடறாளாம். மூணு வேளையும். நான் சங்கடப்படக் கூடாதுன்னு." டையைத் தளர்த்திக்கொண்டார். "அடுத்த வீட்டுப் பொண்ணு. எனக்காகப் பட்டினி கிடக்குது. அப்போ என் பொண்ணு என்னை என்ன பண்ணியிருப்பா? அசிங்கமாவா பார்த்திருப்பா? நான் ஏன் அப்படி நெனச்சேன்?"

எஞ்சினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"விண்ணப்பத் தேதி இன்னும் முடியலை" என்றார் அவரே. "இந்த வருஷமும் எழுதலாம். இன்னைக்கே சொல்லிடறேன். நீயும் கூட வா. தனியாச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை."

டிப்போவில் பஸ்ஸை விட்டுவிட்டு இரண்டு பேரும் நடந்தே போனோம். வீட்டில் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். சோடா ஃபேக்டரியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். வெடித்த விரல்களுக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தாள். அத்தான் கோட்டைக்கூடக் கழற்றாமல் அவள் எதிரே போய் உட்கார்ந்தார்.

"கண்ணு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார். "நான் அங்க சூப்பர்வைசர் இல்லை."

அக்கா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"தெரியும்ப்பா" என்றாள் சோடா.

அத்தான் திரும்பி என்னைப் பார்த்தார். நான் சத்தியமாக வாயைத் திறந்ததில்லை.

"சித்தி சொல்லலை. யாரும் சொல்லலை" என்றாள் அவள். "ஓப்பன் டே அன்னைக்குப் பார்த்தேன். டியூட்டர்கிட்ட பேசிட்டு வெளியில வர்றப்போ, வழி தப்பிச் சமையலறைக்குப் பின்பக்கம் போயிட்டேன். நீங்க வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டுத் தட்டுகளை அடுக்கிக்கிட்டிருந்தீங்க. ஒருத்தன் 'பூனை'ன்னு கூப்பிட்டான். நீங்க போனீங்க."

"ஓப்பன் டே அன்னைக்கா?" என்றார் அத்தான். "அப்போ... நான் சிவப்புக் காலேஜைப் போடச் சொன்னப்போ..."

"தெரியும். ஏன் சொல்றீங்கன்னும் தெரியும்."

"தெரிஞ்சுமா போட்டே? ஐயோ, ஏம்மா? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

"கேட்டேனே" என்றாள் சோடா. "திரும்பத் திரும்பக் கேட்டேனே அப்பா. நிஜமாவே எனக்கு நல்லதான்னு கேட்டேன். வேற எதாவது சொல்லணுமான்னு கேட்டேன். சர்வரா இருக்கிறது எனக்கு ஒண்ணுமே இல்லைப்பா. அன்னைக்குப் பார்த்ததும் உங்களைக் கட்டிக்கணும் போல இருந்துச்சு. நீங்களாச் சொல்லட்டும்னுதான் பேசாம வந்துட்டேன். எனக்காகன்னா சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன்." மருந்து டப்பாவை மூடி வைத்தாள். "கடைசி வரைக்கும் சொல்லலையே நீங்க."

அத்தான் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கிக் குலுங்கி அழுதார். அழும்போதுகூடச் சத்தம் வராத மனுஷன். அக்கா ஓடிவந்து அவர் முதுகைத் தடவினாள். சோடா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். எழுந்து அவர் பக்கத்தில் போகவும் இல்லை, அறையை விட்டு வெளியேறவும் இல்லை.

அழுது ஓய்ந்ததும் அத்தான் தலையை நிமிர்த்தினார்.

"இன்னும் தேதி இருக்கு கண்ணு. மறுபடி எழுது. அந்த டியூட்டர் அம்மா எங்கேயும் போகலை, அங்கதான் இருக்காங்க. நான் பொய் சொன்னேன். எழுதுவியா?"

"எழுதுவேன்" என்றாள் சோடா.

"எந்தக் காலேஜ்னு நாளைக்கு உட்கார்ந்து பேசுவோமா?"

"வேணாம்ப்பா. இனிமே உங்களைக் கேக்க மாட்டேன்" என்றாள்.

"சரிம்மா" என்றார் அத்தான்.